தாகூருக்கு ரே எடுத்த படம்

ஒரு கவிஞரைப் போற்றி எடுக்கும் படம் பெரும்பாலும் தொட்டிலில்தான் தொடங்கும். பிறந்த ஊர், பெற்றோர், பள்ளிக்கூடம், முதல் கவிதை என்று வரிசை பிசகாமல் நடந்து, கடைசியில் சிலைக்கு மாலை விழும். சத்யஜித் ரே 1961-இல் எடுத்த ‘ரவீந்திரநாத் தாகூர்’ சாவில் தொடங்குகிறது. 1941 ஆகஸ்ட் 7-ஆம் தேதி. கல்கத்தாத் தெருவில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தலைகள். அந்தத் தலைகளுக்கு நடுவே கவிஞரின் உடல் போகிறது. செய்திப் படத்துக்காக யாரோ எடுத்து வைத்திருந்த பழைய கறுப்பு வெள்ளைத் துண்டுகள் அவை.

அந்தக் கூட்டத்தின் மேல் ரேயின் குரல் எழுகிறது. கனமான, அவசரமே இல்லாத ஆங்கிலக் குரல். இன்ன தேதியில் இன்ன நகரத்தில் ஒரு மனிதர் இறந்தார் என்கிறது. குருதேவர் என்று சொல்லவில்லை, விசுவகவி என்று சொல்லவில்லை, நோபல் பரிசைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. திரையில் ஒரு நகரமே திரண்டு நிற்க, வாக்கியத்தில் மட்டும் ஒரே ஒரு மனிதர். உடல் எரிந்தது, எரியாதவை நம்மிடம் இருக்கின்றன என்று சில வாக்கியங்களில் சொல்லிவிட்டுக் குரல் பின்வாங்கிக்கொள்கிறது. ஐம்பத்து நான்கு நிமிடப் படத்தின் அடக்கம் முழுவதும் அந்த முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. புகழ வேண்டியதைக் காட்சி செய்யும், குரல் தகவலைச் சொன்னால் போதும் என்று ரே முடிவு கட்டியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்கும். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போன பாரதியின் இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். தாகூரைவிட இருபத்தோரு வயது இளையவர், தாகூருக்கு இருபது ஆண்டு முன்னாலேயே போய்விட்டார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் வருகிறேன். இப்போது படம்.

தாகூர் நூற்றாண்டுக்காக மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த படம் இது. பிலிம்ஸ் டிவிஷன் என்றால் என் வயதுக்காரர்களுக்கு மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் நியூஸ் ரீல்தான் நினைவுக்கு வரும். பொன்னமராவதிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் மணலைக் குவித்து உட்கார்ந்தபடி அணைக்கட்டுகளையும் வெள்ள நிவாரணத்தையும் பார்த்திருக்கிறோம். தலைவர்களைப் பற்றிய படம் என்றால் ஷெனாய் அழும், வர்ணனைக் குரல் மேடைப் பேச்சாகிவிடும். அதே நிறுவனத்தின் பணத்தில், அதே அரசாங்க விழாவுக்காகத்தான் ரேயும் படம் எடுத்தார். யாரை வைத்து எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, ஒரு வரலாற்றாசிரியர் தேவைப்படுவாரே என்று சிலர் தயங்கினார்களாம். நமக்கு வேண்டியது கலைஞர் என்று நேரு சொல்லிவிட்டதாக ஒரு செய்தி உண்டு. அந்த ஒரு முடிவுக்காகவே நேருவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ரேக்குத் தாகூர் அந்நியர் அல்லர். ரேயின் தாத்தா உபேந்திரகிஷோர், தாகூரின் நண்பர். சிறுவன் ரே ஆட்டோகிராப் நோட்டை நீட்டியபோது தாகூர் அதில் ஒரு குட்டிக் கவிதையே எழுதிக் கொடுத்திருக்கிறார். 1940 முதல் 1942 வரை ரே சாந்திநிகேதனின் கலா பவனத்தில் நந்தலால் போஸிடமும் பினோத் பிஹாரி முகர்ஜியிடமும் ஓவியம் படித்தார். 1941 ஜூலை 25 அன்று சிகிச்சைக்காகத் தாகூர் சாந்திநிகேதனை விட்டுக் கல்கத்தா புறப்பட்டாரே, அந்தக் காலத்தில் ரே அங்கே மாணவர். இவ்வளவு உறவு இருந்தும் படத்தில் ‘நான்’ என்ற பேச்சே கிடையாது. தான் அவரைப் பார்த்தது, அவர் தனக்கு எழுதிக் கொடுத்தது எதையும் ரே சொல்லிக்கொள்ளவில்லை. தலைவர்களோடு எடுத்துக்கொண்ட புகைப்படத்தை முன்னறையில் மாட்டும் வழக்கமுள்ள நாட்டில் இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அந்த அடக்கத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு சாதாரணமானது அல்ல. மூன்று கதைப்படங்களுக்குச் செலவாகும் பாடு இந்த ஒரு படத்துக்கு ஆயிற்று என்று ரேயே சொல்லியிருக்கிறார். அதே 1961-இல்தான் தாகூரின் மூன்று கதைகளை வைத்து ‘தீன் கன்யா’ எடுத்தார். ‘போஸ்ட்மாஸ்டர்’ கதையின் ரத்தன் நம் நெஞ்சை அறுத்தது அந்தப் படத்தில்தான். ஒரு கையில் தாகூரின் கற்பனை, மறுகையில் தாகூரின் வாழ்க்கை. கேமரா சௌமேந்து ராய், படத்தொகுப்பு துலால் தத்தா, கலை பன்சி சந்திரகுப்தா. இசை மட்டும் ஜோதிரிந்திர மொய்த்ரா.

சாவுக்குப் பிறகு படம் தாகூரின் பிறப்புக்குத் தாவிவிடவில்லை. இன்னும் பின்னால் போய்க் கல்கத்தா என்ற நகரத்தையும் தாகூர் குடும்பத்தின் வேர்களையும் சொல்கிறது. தாத்தா துவாரகாநாத் பெரும் வணிகர். ‘கார், தாகூர் அண்ட் கம்பெனி’ என்று வெள்ளைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து நிலக்கரி, கப்பல், வங்கி என்று கொடிகட்டிப் பறந்தவர். 1846-இல் லண்டனில் இறந்தார். கொஞ்ச காலத்தில் கம்பெனி நொடித்தது. மகன் தேவேந்திரநாத் அந்தக் கடன்களைக் கட்டித் தீர்த்துவிட்டு, சொத்தைவிட உபநிடதங்களில் அதிக நாட்டம் கொண்டவராக வாழ்ந்தார். கடல் கடந்த வியாபாரம், திடீர்ச் செல்வம், திடீர் நொடிப்பு, அப்பன் பட்ட கடனை மகன் அடைக்கும் மானம். எங்கள் செட்டிநாட்டில் இதற்கெல்லாம் விளக்கம் தேவைப்படாது. ரங்கூனையும் பினாங்கையும் ஒருகாலத்தில் தன் கைக்குள் வைத்திருந்த குடும்பங்களின் ஊர்கள் இவை.

படத்தை நண்பர் ஒருவர் வீட்டுப் பட்டாலையில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டுப் பார்த்தோம். பர்மாத் தேக்குத் தூண்கள், நடுவே வானம் பார்த்த வளவு, அதற்கப்பால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. திரையில் தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ மாளிகை வந்தது. அங்கும் நீளத் தாழ்வாரங்கள், தூண் வரிசைகள், ஆளரவமில்லாத மூலைகள். பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டிகளில் ஒருவனாகப் பிறந்து, வேலைக்காரர்களின் கையில் வளர்ந்த ஒரு சிறுவன் அந்தப் பெரிய வீட்டில் தனியே நிற்கிறான். அந்த வீட்டு ஆச்சி அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “பெரிய வீட்டுப் புள்ளைகளுக்கு எல்லாம் இருக்கும்ப்பா, பேச ஆள்தான் இருக்காது” என்றார். ஆங்கில வர்ணனை அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லாதபடிதான் ரே அந்தப் பகுதியை எடுத்திருக்கிறார்.

அந்தச் சிறுவயதுப் பகுதியை நின்று ரசிக்க வேண்டும். 1860-களின் குழந்தைக்கு ஏது படச்சுருள்? நடிகர்களைக் கொண்டு எடுப்பது ஒன்றே வழி. நடித்துக் காட்டும் காட்சிகள் ஆவணப்படத்தைக் கெடுத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஒட்டுத்தாடியோடு ஒருவர் வந்து தத்துவம் பேசத் தொடங்கினால் அதோடு உண்மை போய்விடும். ரே சிறுவனைப் பேச வைக்கவில்லை. அவன் பார்க்கிறான், நடக்கிறான், நிற்கிறான், அவ்வளவே. அவன் என்ன நினைக்கிறான் என்று வர்ணனையும் ஊகிப்பதில்லை. ஒரு கவிஞனின் பிள்ளைப் பிராயத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது அவன் நிறையப் பார்த்தான் என்பது மட்டுமே. ரே அந்த அளவோடு நின்றுகொள்கிறார். தான் எடுத்தவற்றிலேயே மிக உருக்கமானவை இந்தப் படத்தின் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் என்று அவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் எந்த நிமிடங்களை நினைத்துச் சொன்னாரோ, என் கணக்கில் இந்தச் சிறுவன் வரும் நிமிடங்களுக்கு அதில் முதல் இடம்.

அப்புறம் ‘வால்மீகி பிரதிபா’. கொள்ளைக்காரன் கவிஞனாகும் கதையை இருபது வயதுத் தாகூர் இசை நாடகமாக்கித் தானே வால்மீகியாக நடித்தது 1881-இல். வீட்டுக்குள்ளேயே மேடை, வீட்டாரே நடிகர்கள். இந்த நாடகத்தை ரே அரங்கேற்றிக் காட்டுகிறார். அதுவரை அமைதியாக வந்த படத்துக்குத் திடீரென்று குரலும் கூத்தும் கிடைக்கின்றன. அடக்கம் என்றால் எப்போதும் தணிந்த குரல் என்று பொருளில்லை. பாட்டும் நாடகமுமாகக் கிடந்த ஒரு வீட்டைக் காட்ட வேண்டிய இடத்தில் ரே கையை விரித்துச் செலவு செய்கிறார். எங்கே நிறைய, எங்கே கொஞ்சம் என்ற அளவு தெரிந்த கை அது.

வாலிபம் வந்ததும் புகைப்படங்கள் கிடைக்கத் தொடங்குகின்றன. இனி நடிகர்கள் வேண்டாம். அசையாத படத்தை அசையும் படத்தில் எப்படிக் காட்டுவது என்பதற்கு இந்தப் பகுதி ஒரு பாடம். கேமரா ஒரு குடும்பப் படத்தைச் சட்டென்று வெட்டித் தாண்டுவதில்லை. ஒரு முகத்தில் கண் தங்கும் அளவு நேரம் தருகிறது. கறுந்தாடி இளைஞர், நரை கலந்த நடுவயதுக்காரர், வெண்தாடி முனிவர் என்று முகம் மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது, நம் பாடப் புத்தகத்தில் வந்த ஒரே வெள்ளைத்தாடித் தாகூர் கரைந்துபோகிறார். பிறந்ததிலிருந்தே கிழவராக இருந்தவர் என்று நாம் நினைத்திருந்தவருக்கு ஒரு வயது கிடைக்கிறது, ஒரு காலம் கிடைக்கிறது.

1902-இல் மனைவி, மறு ஆண்டு மகள் ரேணுகா, 1905-இல் தந்தை, 1907-இல் பதினொரு வயது மகன் சமீந்திரநாத். ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு வீட்டில் இத்தனை சாவு. வேறொருவர் கையில் இந்த இடம் கண்ணீர்க் காட்சியாகியிருக்கும். ரேயின் குரல் இங்கும் சுருதி மாறுவதில்லை. அந்தக் காலத்தில்தான் சாந்திநிகேதனில் 1901-இல் தொடங்கிய சின்னப் பள்ளிக்கூடத்தைத் தாகூர் நடத்திக்கொண்டிருந்தார், அந்தக் காலத்தில்தான் வங்கப் பிரிவினைக்கு எதிராகத் தெருவில் இறங்கி இந்து முஸ்லிம் வேறுபாடில்லாமல் ராக்கி கட்ட வைத்தார். வீட்டுத் துக்கமும் நாட்டுத் துக்கமும் ஒரே குரலில் அடுத்தடுத்துச் சொல்லப்படும்போது, இரண்டையும் சுமந்த மனிதரின் தோள் நம் கண்ணுக்குத் தெரிகிறது. 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து ‘சர்’ பட்டத்தை வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிய செய்தியும் அப்படித்தான்.

இனி, இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஒரு பெருங்கவிஞரைப் பற்றிய படம், வர்ணனை ஆங்கிலத்தில். அப்படியானால் கவிதைகளை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்ட வேண்டாமா? ரே அதைச் செய்யவில்லை. தாகூரின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அவற்றைக் கேட்கும் வெளிநாட்டார், இவரா பெரிய கவிஞர் என்று குறைத்து எடைபோட்டுவிடுவார்கள் என்று அஞ்சினார். அதனால் பாட்டை வங்காளத்தில் பாட்டாகவே விட்டார். கவிதையின் இடத்தில் பத்மா நதியையும் படகையும், கவிஞர் வாழ்ந்த வெளிகளையும் வைத்தார். கவிதை கேட்க வந்தவருக்கு இது குறையாகத் தோன்றலாம். பாரதியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு முகம் சுளித்த எந்தத் தமிழருக்கும் இது குறையாகத் தோன்றாது. தெரிந்தே பாதியாகக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மரியாதை என்று ரே நினைத்தார். அந்த மரியாதை இல்லாமல் எத்தனை கவிஞர் விழாக்களில் எத்தனை வரிகள் கொலையுண்டிருக்கின்றன!

கவிதை இல்லாத அந்த வெற்றிடத்துக்கு ஈடாக ஓவியங்கள் வருகின்றன. தாகூர் அறுபதைத் தாண்டிய பிறகுதான் முழுமூச்சாகப் படம் போடத் தொடங்கினார். ‘பூரவி’ கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்துக்கொண்டே போக, அவை பறவையாகவும் விலங்காகவும் முகமாகவும் மாறின. அங்கிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள். 1930 மே மாதம் பாரிஸில் முதல் கண்காட்சி. அதற்கு உதவியவர் அர்ஜென்டினா எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ. படத்தில் இந்தப் பகுதி வரும்போது வர்ணனை ஒதுங்கிக்கொண்டு ஓவியங்களை முன்னால் விடுகிறது. கலா பவனத்தில் படித்த ஓவியர் அல்லவா ரே, விளக்கம் சொல்ல அவருக்கு ஆயிரம் இருந்திருக்கும். இது கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் வண்ணங்களும் நமக்குக் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்த முகங்கள்! நீண்ட முட்டை வடிவ முகம், முக்காடு, நம்மை நேராகப் பார்க்காமலும் பார்வையை விலக்காமலும் இருக்கும் கண். பாடல்களில் எப்போதும் ஒளியைத் தேடிய மனிதர் இந்த இருட்டை எங்கே வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றும். படம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, பதிலும் சொல்வதில்லை. வண்ணம் போனதால் இருட்டு இன்னும் கூடித் தெரிகிறது என்பது என் எண்ணம்.

கடைசிப் பகுதியில் உலகப் போர். எண்பதாவது பிறந்தநாளையொட்டி, 1941-இல், தாகூர் எழுதிய ‘நாகரிகத்தின் நெருக்கடி’ என்ற உரை. தான் வாழ்நாளெல்லாம் மதித்த ஐரோப்பா தன் கண் முன்னால் சிதைவதைப் பார்த்த கிழவர், அப்போதும் மனிதன் மேல் நம்பிக்கை இழப்பது பாவம் என்று சொன்ன உரை. ரே இங்கே தாகூரின் கருத்தை முன்னால் வைத்துவிட்டுத் தான் நகர்ந்துகொள்கிறார். தலைமை தாங்கியவரின் முடிவுரை எதுவும் இல்லை.

படத்துக்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் லோகார்னோவில் பரிசும் கிடைத்தன. பதினைந்து ஆண்டு கழித்து, 1976-இல், ரே தமிழ்நாட்டுக்கு வந்து பாலசரஸ்வதியைப் பற்றி ‘பாலா’ எடுத்தார். அதிலும் இதே கைதான். மாமல்லபுரக் கடற்கரைக் காற்றில் ‘கிருஷ்ணா நீ பேகனே’ ஆட விட்டுவிட்டு அவர் பேசாமல் நிற்கிறார். நம்மவர் ஒருவரைப் பற்றி அவரைக்கொண்டு ஒரு படமாவது எடுக்கத் தோன்றியதே, அந்த மட்டில் நிம்மதி.

பாரதிக்கு வருகிறேன். தாகூரின் கதைகளைத் தமிழில் பெயர்த்தவர் பாரதி. 1921-இல் தாகூருக்கு ஜெர்மனியில் கிடைத்த வரவேற்பைப் பற்றி ‘ஸ்ரீ ரவீந்திர திக்விஜயம்’ என்று மனம் நிறைந்து எழுதினார். பொறாமையின் நிழல்கூட இல்லாத எழுத்து. தாகூருக்குக் கேமரா கிடைத்தது. தேசம் தேசமாகச் செய்திப் படக்காரர்கள் அவரை எடுத்தார்கள். 1932-இல் ‘நடீர் பூஜா’வைத் தாகூரே படமாக்கினார். அவருடைய குரல் ஒலித்தட்டில் இருக்கிறது. பாரதிக்கு அசையும் படம் இல்லை, குரல் இல்லை. அவர் கேமரா வராத காலத்தில் வாழ்ந்தவர் அல்லர். 1910-களின் பிற்பகுதியிலேயே நடராஜ முதலியார் சென்னையில் ‘கீசக வதம்’ எடுத்துவிட்டார். அந்தக் கேமரா திருவல்லிக்கேணிப் பக்கம் ஒருநாள் திரும்பியிருந்தால்! அவருடைய புகைப்படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். முண்டாசும் முறுக்கு மீசையுமாக ஊரெங்கும் நாம் பார்க்கும் பாரதி ஓவியர் ஆர்யா வரைந்த பாரதி.

அந்தச் சில புகைப்படங்களிலும் இரண்டு எங்கள் பக்கத்தில் எடுத்தவை என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்து கடையத்தில் முடங்கிக் கிடந்த பாரதி, 1919 இறுதியில் செட்டிநாட்டுக்கு வந்தார். கானாடுகாத்தானில் வயி.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினார். நவம்பரில் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனார். ராய. சொக்கலிங்கம் முதலான இளைஞர்கள் 1917-இல் தொடங்கிய சங்கம் அது. அவர்களைப் பாராட்டிப் பாரதி பாட்டெழுதிக் கொடுத்தார். அவர்கள் அவரைப் படம் எடுத்து வைத்தார்கள். யார் பெரிய ஆள் என்று ஊர் உணராத நாளில், ஒரு போட்டோகிராபரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க அந்த இளைஞர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கையில் தடியும் தலையில் பாகையுமாக அவர் இருக்கும் அந்தப் படத்தை ரே வழியில் பார்க்கப் பழகினால் எத்தனையோ தெரியும். தடியைப் பற்றியிருக்கும் கையின் இறுக்கம். நலிந்த உடம்பு. அந்த உடம்புக்குச் சற்றும் ஒத்துக்கொள்ளாத கண். சிறையும் வறுமையும் பார்த்து வந்தவர், இரண்டு ஆண்டுகூட முழுதாக மிச்சமில்லாதவர் என்று நமக்குத் தெரியும், படத்தில் இருப்பவருக்குத் தெரியாது. குழுவாக எடுத்த படத்தில் சுற்றியிருக்கும் இளைஞர்களையும் பார்க்க வேண்டும். அவர்களும் அந்தக் கவிஞரின் வரலாற்றைச் சேர்ந்தவர்கள்.

பாரதியைப் பற்றி ஆவணப்படம் வராமல் இல்லை. 1999-இல் அம்ஷன் குமார் எடுத்த ‘சுப்பிரமணிய பாரதி’ அந்த வகையில் நமக்குக் கிடைத்த நல்ல முயற்சி. இன்னும் பல வர வேண்டும், அவை வெவ்வேறு விதமாக வர வேண்டும் என்பது என் ஆசை. கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் அவர் வந்துபோன அந்தச் சில நாட்களை மட்டுமே வைத்து ஒரு குறும்படம் எடுக்கலாம். ஆளைக் காட்ட வேண்டியதில்லை. செம்மண் சாலை, ஊரணி, முகப்புத் திண்ணை, அந்த இரண்டு புகைப்படங்கள், அவர் எழுதிய கடிதங்களின் கையெழுத்து, இவை போதும். குரல் மட்டும் தணிந்த குரலாக இருக்கட்டும்.

அப்படி ஒருவர் கிளம்புவார் என்று நம்ப எங்கள் வட்டாரத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். பொன்னமராவதியிலிருந்து பஸ் ஏறினால் வெகு தூரமில்லாத கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ரேயைப் போல அரசாங்கம் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை இது. முப்பது ஆண்டுகளில் நூறு கேமராக்காரர்கள் எடுத்த ஐம்பதாயிரம் அடிப் படச்சுருளை நாடு நாடாக அலைந்து, லட்சம் மைல் பயணம் செய்து திரட்டினார். அதைப் பன்னிரண்டாயிரம் அடியாகச் சுருக்கி 1940 ஆகஸ்ட் 23-இல் தமிழ் வர்ணனையோடு வெளியிட்டார். அவரும் தன்னைப் படத்தில் காட்டிக்கொள்ளாதவர். பயணக் கட்டுரைகளில்கூடத் தன்னைப் பற்றி அதிகம் பேசாதவர். பிறகு ‘குமரி மலர்’ இதழை நடத்தி, பாரதியின் காலத்துப் பழைய எழுத்துகளைத் தேடித் தேடி வெளியிட்டார். இதே கோட்டையூர்க்காரர்தான் ரோஜா முத்தையா; அவர் சேர்த்த புத்தகங்களும் நோட்டீஸ்களும் அழைப்பிதழ்களும் இன்று சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகம். சேர்த்து வைப்பது இந்த மண்ணின் குணம்.

அதனால் கேட்கிறேன். பொன்னமராவதி, வலையபட்டி, கானாடுகாத்தான், கோட்டையூர், காரைக்குடி வீடுகளின் இரண்டாங்கட்டு அறைகளில் ரங்கூன் ஸ்டூடியோ முத்திரை போட்ட படங்களும், கல்யாண ஆல்பங்களும், பேரேடுகளும், கட்டுக் கட்டாகக் கடிதங்களும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. வீடு விற்கும்போது தேக்குத் தூணுக்கு விலை பேசுகிறோம், பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிறோம். போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். 1919-ஐ ஒட்டிய ஒரு கூட்டப் படம் கிடைத்தால் ஓரத்தில் நிற்கும் முகங்களையும் பாருங்கள். படத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அழியாமல் நகல் எடுத்து வையுங்கள். புதுக்கோட்டை ஞானாலயா போன்ற நூலகங்களில் ஒரு பிரதி கொடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுடைய அப்பச்சியும் ஐயாவும் பாரதியைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா என்று இந்த வாரமே கேளுங்கள். செல்போனில் அவர்கள் குரலைப் பதிந்துகொள்ளுங்கள்.